கிரேஸ் அக்காவின் மூன்று ரவுண்டு

"நம்ம கிரேஸ் போயிட்டாங்க" என்று போனில் சொன்னார்கள். "எந்த கிரேஸ்?" என்று கேட்டுவிட்டேன். ஒரு நொடிதான். ஆனால் அக்காவின் பெயரே மறந்துபோனதா என்ற பயம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

டெலிபோன் விசாரணைப் பிரிவில் எங்களோடு ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவர்களுக்கு என் பயம் தெரியும். என் அம்மா மறதி நோய் முற்றி, கடைசியில் என்னையே "யாரும்மா நீ?" என்று கேட்டாள். அதன் பிறகு சாவியைத் தேடினால்கூட எனக்கும் தொடங்கிவிட்டது என்று நடுங்குவேன். தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டர் வராத காலம். முக்கியமான நம்பர்கள் எல்லாம் எங்கள் தலையில்தான் இருந்தன. ஒருநாள் ஆஸ்பத்திரி நம்பர் கேட்டுப் பதறிய ஒருவருக்குக் கல்யாண மண்டபத்து நம்பரைக் கொடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த கிரேஸ் அக்காதான் பாய்ந்து வந்து திருத்தினார்.

அன்று டூட்டி முடிந்ததும் மல்லேஸ்வரத்துப் பக்கம் சாங்கி ஏரிக்கு என்னை இழுத்துப் போனார். "சும்னே, சும்மா உக்காந்திருந்தா மூளை துருப்பிடிச்சிடும். நட, மூணு ரவுண்டு!" நடக்க நடக்க நம்பர் கேட்பார். தப்பினால், "அய்யய்யோ, ரயில் ஏறப் போனவன் வீட்டுக்கு ஃபயர் இஞ்சின அனுப்பிட்டியேடி!" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சில மாதத்தில் தூக்கம் திரும்பியது. நம்பர்களும் பெரும்பாலும் திரும்பின. நடந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், ஞாபகத்துக்கும் மனசுக்கும் நல்லது என்றார் டாக்டர். "இதத்தான நான் செருப்பு தேயச் சொல்றேன்!" என்று அக்கா கோபித்துக்கொண்டார்.

"நடந்தா அம்மா மாதிரி ஆக மாட்டேன்ல அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனா முன்னெல்லாம் ஒரு ரவுண்டுக்கு அஞ்சு வாட்டி இதக் கேப்ப. இன்னிக்கு ஒரு வாட்டிதான் கேட்ட."

அப்படிப்பட்டவரே மாரடைப்பில் போய்விட்டார். நடந்து என்ன கண்டோம் என்று மூன்று நாள் வீட்டைவிட்டு நான் இறங்கவில்லை.

நான்காம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் நாற்காலியில் சுருண்டிருந்தார். "காலைல சாப்ட்டேனான்னே ஞாபகம் இல்லம்மா. பயமா இருக்கு" என்றார்.

வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். "எந்திரிங்க அண்ணா, செருப்பப் போடுங்க" என்றேன். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். அவருக்கும் பயம், எனக்கும் பயம். பயந்துகொண்டே இன்னொருவரை நடக்கக் கூப்பிடும் துணிச்சல்தான் அக்கா எனக்கு விட்டுப் போனது.