அடுப்புக்கு மேலே ஏறிய பைபர் கட்டை

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டி என்கிற எங்கள் மலைக் கிராமத்தில் வீட்டுக்கு மேலே, சரிவில் ஒரு கரண்டுக் கம்பம் நிற்கிறது. அதன் உச்சியில் கம்பிகளைத் தாங்குகிற குறுக்குக் கட்டை மழையில் ஊறி உளுத்துவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு பக்கம் தொங்கியது. மாற்றுவதற்கு லைன்மேன் வந்தார். முன்பெல்லாம் அந்த மரக்கட்டையை நாலு ஆள் தூக்கி வருவார்கள். வளைவுக்கு வளைவு இறக்கிவைத்துத் திட்டுவார்கள். இவர் தோளில் இரண்டைப் போட்டுக்கொண்டு போனில் பேசியபடியே ஏறி வந்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "ஏப்பா, இது கட்டையா, முருங்கைக்காயா?"

"பைபருங்க பெரியய்யா. செல்லு அரிக்காது, தண்ணி குடிக்காது."

ஒன்றை மாட்டினார். மற்றது பாறையில் விழுந்து போல்ட்டு ஓட்டையில் கீறல் விட்டுவிட்டது. "இத இனி மேல ஏத்தக் கூடாது. கெடக்கட்டும், பீன்ஸ் பந்தலுக்கு வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் அடுப்புக்கு மேலே ஒரு கழி உண்டு. விதைப்பூண்டை முடிச்சுப் போட்டு அதில் தொங்கவிடுவோம். புகை பட்டால்தான் கெடாமல் இருக்கும். அது போனால் நடவுக்கு வேறு விதை இல்லை. காடு சும்மா கிடக்கும். அந்தக் கழியைச் செல், அதான் கரையான், அரித்திருந்தது. வீட்டுக்காரருக்கு லைன்மேன் சொன்னதில் 'செல்லு அரிக்காது' மட்டும் மனதில் நின்றுவிட்டது. கழியை இறக்கி அடுப்பில் வைத்தார். பைபரை மேலே ஏற்றினார்.

சில நாளில் ஒரு வாசம் வந்தது.

"ஏங்க, டயர் எரியிற மாதிரி இல்ல?"

"பூண்டு வாசம் உனக்குப் புதுசா?" என்றார். அவருக்கு எப்போதும் சளி. மூக்கு அடைத்தே இருக்கும். நான் மறுபடி சொல்லவில்லை. எனக்கு ஒன்றை இரண்டு தடவை சொல்ல வராது.

அப்புறம் கொழுந்தனார் காப்பி குடிக்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன மதினி, பஸ்ஸ அடுப்புல ஏத்திட்டீங்களா?"

தம்பி சொன்னதும் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறினார். பைபரின் அடிப்பக்கம் கறுத்து, நூல் நூலாக உரிந்திருந்தது. அதைத் தொட்டுவிட்டு இரண்டு நாள் கையைச் சொறிந்தார்.

பூண்டை எல்லாம் இறக்கினோம். அவர் ஒவ்வொரு முடிச்சாக மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எல்லாவற்றிலும் டயர்.

"மொளைக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருசத்தில் பூண்டைப் பற்றி என்னிடம் கேட்டது அதுதான் முதல்.

"தகரத்துல கொஞ்சம் ஊனிப் பாப்போம்," என்றேன்.

பழைய எண்ணெய்த் தகரத்தில் ஊன்றி வாசலில் வைத்தேன். அவர் வெள்ளனே எழுந்து, பல் விளக்கும் முன்னால் அதைத்தான் பார்ப்பார். மண்ணைக் கிளறக் கூடாது என்று ஒரு தடவை சொன்னேன். கிளறினார். இரண்டாவது தடவையும் சொன்னேன். நிறுத்திவிட்டார்.

முளைத்தது. கொழுந்தனார் குனிந்து மோந்து பார்த்தார். "கரண்டு வருதா மதினி?" என்றார். வீட்டுக்காரர் நடவுக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்.

அடுப்புக்கு மேலே இப்போது யூக்கலிப்டஸ் கழி. பைபர் பீன்ஸ் பந்தலில் நிற்கிறது. கம்பத்தைப் பார்க்க வந்த லைன்மேன், "பரவால்லையே, சொன்னபடியே வச்சுட்டீங்க," என்றார். "ஆமா," என்றார் வீட்டுக்காரர். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

காட்டில் பூண்டு நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் கட்டை மாற்ற வந்த அன்றைக்கு லைன்மேன் தீயைப் பற்றியும் ஏதோ சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம். பைபர் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்து, நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பூண்டைத் தின்னலாமா என்றும் சொல்லுங்கள்.