ஆர்டித்தின் ஐந்து சதுர அடி

ஆர்டித் லப்ளாண்டுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அமெரிக்காவின் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் யாருக்குமே ஆகாது. வெளிநாட்டு ஆட்கள் தங்கப்போகும் வீடுகளை அளவுநாடாவோடு சோதிக்கிற அரசு ஊழியன் நான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் தொழிலாளர் துறையின் சான்று வராது. சான்று இல்லாமல் ஜமைக்காவிலிருந்து ஒரு ஆளும் விசா வாங்க முடியாது.

ஆர்டித்துக்கு வயது அறுபத்தேழு. கணவர் ரோலன் இறந்து ஆறு வருடம். தோட்டத்தை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குப் போகலாம் என்ற கொழுந்தனிடம், நீ போய் வெயில் காய் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடத்துகிற மனுஷி. சட்டப்படி முதலில் உள்ளூர் ஆட்களைத் தேட வேண்டும், தேடினார். இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவன் ஏணியில் ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டு போனை வைத்தான். மற்றவன் நேர்காணலுக்கே வரவில்லை. அதையும் ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினார். பாக்கி இருந்தது என் நாடா மட்டும்தான்.

அந்த வருடப் பனியில் ஆட்கள் தங்கும் வீடு இடிந்துவிட்டது. அதனால் ரோலனின் பில்லியர்ட்ஸ் அறையைக் காலி செய்து எட்டுக் கட்டில் போட்டிருந்தார். நான்கு சுவரிலும் ரோலன் தன் கையால் அடித்த செர்ரி மரப்பலகை. விருந்துக்கு வந்தவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் போனதில்லை.

நீளம் இருபது அடி. அகலம் அதைவிட மூன்று அங்குலம் குறைவு. ஆளுக்கு ஐம்பது என்று நானூறு சதுர அடி வேண்டும். இருந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஏழு பேருக்குத்தான் எழுத முடியும் என்றேன்.

"அஞ்சு சதுர அடியில ஒரு நாய்கூட நீட்டிப் படுக்காது, டூயன். அதுக்காக ஒரு மனுஷனைத் தள்ளச் சொல்றியா?"

"நான் சொல்லலீங்க. நாடா சொல்லுது."

கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். ஆட்களை மீன் மாதிரி அடுக்கி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஐந்து விட்டால் அடுத்தவன் ஐம்பது கேட்பான். வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றே அவர் ஜமைக்காவில் இருந்த ஆஸ்மண்டை போனில் கூப்பிட்டிருக்கிறார். பதினான்கு பருவமாக அவர் தோட்டத்துக்கு ஆப்பிள் பறிக்க வரும் கூட்டத்துக்கு மேஸ்திரி அவன்தான். யாரை விடுவது என்று அவனிடமே கேட்டார். புயல் அவன் வீட்டுக் கூரையைக் கொண்டுபோயிருந்தது; இந்தப் பருவத்துச் சம்பளத்தில்தான் புதுக் கூரை போட வேண்டும். அப்படியிருந்தும் அவன் யோசிக்கவே இல்லையாம்.

"மத்தவங்க சின்னப் பசங்க, மிஸ் ஆர்டித். என் பேரை எடுத்துடுங்க."

அது அவரைச் சுட்டுவிட்டது.

வியாழக்கிழமை காலை, நாடாவோடு வரச் சொல்லி போன் வந்தது. போனால் செர்ரிப் பலகை முழுவதும் முற்றத்தில் கிடந்தது, பின்னாலிருந்த கட்டைச் சட்டம் உட்பட. அறையில் வெறும் காரைச் சுவர். ஆர்டித்தின் தலையெல்லாம் தூசி, கையில் கடப்பாரை. இரண்டு நாளாகத் தனியாளாகப் பெயர்த்திருக்கிறார்.

"முதல் பலகைக்கு அழுதேன். ரெண்டாவதுலேர்ந்து கோபம்தான் வந்துச்சு. ம், அள."

ஒவ்வொரு சுவரும் இரண்டு அங்குலம் பின்வாங்கியிருந்தது. மூன்று தடவை அளந்தேன். நானூற்றெட்டு. பத்தொன்பது வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த வாரம் குடிநீரைச் சோதனைக்கு எடுக்கப் போயிருந்தேன். எட்டுப் பேருக்கும் சான்று வந்திருந்தது. என் எதிரிலேயே ஆஸ்மண்டுக்கு போன் போட்டு, அவன் பெயரும் இருக்கிறது என்றார். 

"அப்போ யாரை விட்டீங்க, மிஸ் ஆர்டித்?" என்று ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்டான்.

"ஒருத்தரையும் விடல. சுவரைத்தான் கொஞ்சம் தள்ளி வெச்சேன். நீ மூட்டையைக் கட்டு."