பூஜையில் வைத்த லேப்டாப்

எனக்கு வாய் நீளம், பொறுமை கம்மி. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செங்கல்பட்டில் எங்கள் தெருவே சொல்லும். அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்காக வேறொருத்தர் பேசினார். அதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. மறுபடி ஒரு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று இணையத்தில் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். பூஜை விடுமுறை முடிந்ததும் அதில் முதல் தேர்வு. பயிற்சிக்கு லினக்ஸ் வேண்டும் என்றார்கள், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொன்று. வீட்டில் இருந்ததோ ஒரே லேப்டாப். அதில் விண்டோஸ். அதற்குள் என் கணவரின் ஆறு வருஷம்.

அவர் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். படாளம், மதுராந்தகம் பக்கத்து ஏரிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். எந்த ஏரிக்கு எந்தக் கால்வாய், மதகை எந்த ஊரில் யார் திறப்பார்கள் என்று வண்டியில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினது. அவருக்குப் பதில் சொன்ன பெரியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அத்தனையும் அந்த லேப்டாப்பில்தான். வேறு எங்கேயும் பிரதி கிடையாது. அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். "விண்டோஸை அழிக்க வேணாம்டி. அதைக் கொஞ்சம் ஒதுக்கிட்டுப் பக்கத்துலயே இதுக்கு இடம் பண்ணிக்கலாம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேட்கும். ஆனா மொதல்ல உள்ள இருக்கிறதையெல்லாம் வேற எதுலயாவது காப்பி எடுத்து வெச்சுக்கோ, மறந்துடாத" என்றாள். சரிடி, சரிடி என்று தலையாட்டினேன். தலையாட்டத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் அவர் பொரி, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். இதுதான் சமயம் என்று லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். அவர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட்டு, பார்த்தீர்களா, நானே போட்டேன் என்று பீற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பியும் எடுக்கவில்லை. விண்டோஸுக்கு இவ்வளவு, லினக்ஸுக்கு இவ்வளவு என்று அண்ணன் தம்பிக்கு வீட்டைப் பிரிப்பதுபோல் பிரித்துக் கொடுத்தேன். பாதியில் அணைக்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. சரி என்பதை அழுத்தினேன். பழைய லேப்டாப், நகரவே மாட்டேன் என்றது. வடைக்கு அரைக்க எழுந்து போனேன்.

என் மாமியார் படாளத்துக்காரர். கரும்பு வெட்டின கை. ஆயுத பூஜை என்றால் அவருக்கு எதுவும் விடுபடக் கூடாது. அரிவாள்மனை, சுத்தியல், ஸ்கூட்டர், தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவர், லேப்டாப் முன்னால் நின்றார்.

"இன்னாம்மா, இந்தப் பொட்டி ஓடிகினு கீதே. இத்தயும் பூஜைல வெச்சுடலாமா?"

தெளிவாகக் காதில் விழுந்தது. நானும் தெளிவாகத்தான் பதில் சொன்னேன். "மூடி வெச்சுடுங்கத்த, அது பாட்டுக்கு உள்ள வேலை நடக்கும்."

நடக்குமாம்! எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேனோ தெரியவில்லை. அந்த லேப்டாப்பின் பேட்டரி, ஒயரைப் பிடுங்கினால் பத்து நிமிஷம் தாங்காது என்பது எனக்குத் தெரியும். தினம் அதைத் திட்டுகிறவளே நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என் புத்தி உளுந்தில் இருந்தது. அவர் நான் சொன்னபடியே மூடினார், ஒயரைப் பிடுங்கினார், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த பென்டிரைவையும் உருவி, அதற்குத் தனியாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். லேப்டாப்பின் மேல் முழம் சாமந்திப்பூ.

கற்பூரம் காட்டும்போதுதான் பார்த்தேன். லேப்டாப்பின் ஓரத்து விளக்கு அணைந்திருந்தது. உள்ளே நடந்த வேலை பாதியில் நின்றிருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது, எங்கள் வீட்டில் அது மீறாத சட்டம். என் கணவர் அதன் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார். "ஒரு முடிவுரைதான் பாக்கி" என்று என்னிடம் சிரித்தார். நான் அவருக்கு இன்னொரு வடை வைத்தேன். அன்று முழுக்க அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் பொரியை அள்ளிப் போட்டு மூடிக்கொண்டேன்.

விஜயதசமி காலை. நல்ல நாளில் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று அவர் குளித்து, விபூதி பூசி, பூவை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு வரி ஆங்கிலம். அணைத்துப் போட்டார். அதே வரி. மறுபடி அணைத்துப் போட்டார்.

"இதுல யாராவது கை வெச்சீங்களா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்குப் பின்னால் இருந்து மாமியாரின் குரல் வந்தது.

"நான்தான்டா. அவ இன்னாத்தயோ போட்டுகினு இருந்தா. மூடாதீங்கத்த, ஒயரைத் தொடாதீங்கத்தன்னு சொல்லிகினேதான் இருந்தா. நான்தான் கேக்காம புடுங்கி வெச்சுட்டேன்."

அவர் தன் அம்மாவை அதட்டி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கத்தினார். "ஆறு வருஷம்மா! தெரியாததுல எதுக்கும்மா கை வெக்கிறே?" என்று, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் அளவுக்கு. மாமியார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். நானும் நின்றேன், கல்லு மாதிரி. சீ, நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சமையலறைக்குள் போய் மாமியாரின் கையைப் பிடித்தேன். "ஏன் அத்த இப்படிச் சொன்னீங்க? வைக்கச் சொன்னது நான்தானே."

"சும்மா இரு. என்னைக் கத்தினான்னா அரை மணியில அவனும் மறந்துடுவான், நானும் மறந்துடுவேன். உன்னைக் கத்தினா நீ மறக்கமாட்டே. போ, போயி அந்தக் கல்பாக்கத்துப் பொண்ணுக்குப் போன் பண்ணு" என்றார்.

தோழி விடுமுறைக்கு மாமல்லபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். உடனே கிளம்பி வரச் சொன்னாள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக என் கணவர் வேகமாக ஓட்டினார். வேகத்தடை வரும்போது மட்டும், மெதுவாக, மெதுவாக ஏற்றி இறக்கினார். என் மடியில் இருந்ததற்காக.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் சிற்பக்கூடம். மறுபூஜை முடிந்து அன்றைய முதல் கல்லை அறுக்க ஆரம்பித்திருந்தார்கள். தூசு வரும் என்று ஜன்னலைச் சாத்தினாள். "காப்பி எடுத்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். அதற்குப் பிறகு திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

பென்டிரைவின் குங்குமத்தை முந்தானையால் துடைத்துச் செருகினாள். லினக்ஸை உள்ளே போடாமலே, பென்டிரைவிலிருந்து நேராக ஓட்ட முடியுமாம். திரை வந்தது. விண்டோஸ் இருந்த பகுதி பெயரளவில் தெரிந்தது, தொட்டால் திறக்கவில்லை. "பாதி நகர்த்தும்போது நின்னு போச்சு. எதை இழுத்துச்சு, எதை விட்டுச்சுன்னு தெரியல. கிடைச்சாலும் முழுசா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்" என்று என் கணவரிடம் நேராகவே சொன்னாள். அவர் தலையசைத்தார். கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினாள். எழுத்துகள் ஓடின, நின்றன, ஓடின. அவளுடைய அம்மா கொண்டுவந்து வைத்த காபி மூன்றும் ஆறிப்போயின.

மதியத்துக்கு மேல் அந்தப் பகுதி திறந்தது. சில கல்யாண போட்டோக்கள் போயிருந்தன. ஒரு சினிமா போயிருந்தது. ஏரி என்று பெயரிட்ட கோப்புறை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இயல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசி இயலின் கடைசி வரி வரைக்கும் அவர் குனிந்து, உதடு அசையப் படித்தார். பிறகு எழுந்து வெளியே போய், கல்தூசுக்கு நடுவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். தோழி தன்னுடைய ஹார்ட் டிஸ்கில் ஒன்று, எங்களுக்கு ஒன்று, மெயிலில் ஒன்று என்று மூன்று பிரதி எடுத்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "போதும் விடுடி, புடவையெல்லாம் நனையுது" என்றாள். அவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? இந்தப் பிறவியில் அவள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அத்தை மேல தப்பில்லீங்க. மூடி வெக்கச் சொன்னது நான். உங்களைக் கேட்காம ஆரம்பிச்சதும் நான்" என்றேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். "அம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்காது. சீக்கிரம் ஏறு" என்றார்.

வாசலிலேயே நின்றிருந்தார் மாமியார். மகன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் கிடைச்சிடுச்சும்மா. உன்னைப் போயி கத்திட்டேனே" என்றார். "த்தூ, போடா. கெடைக்கும்னு எனக்குத் தெரியும். கையக் கழுவிகினு வா" என்று அவரை உள்ளே தள்ளினார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அவனுது வந்துச்சு, சரி. உன்னுது இன்னாச்சு? பரிச்சைக்கு ஓணும்னு நேத்து ஒண்ணு போட்டுகினு இருந்தியே, அது போட்டாச்சா?"

போட்டாச்சா என்று யாரும் கேட்கவில்லை. தோழி கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை. என்னுடைய தேர்வு எனக்கே மறந்துபோயிருந்தது.

"இல்லத்த" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. சாப்ட்டுட்டு மறுபடியும் போடு" என்றார். "இந்த தபா அது முடியற வரைக்கும் நான் பக்கத்துலயே குந்திகினு கீறேன். எவன் ஒயரைத் தொடறான்னு பாத்துடறேன்."