கஷ்காபெல் கணவாய்க்கு இரண்டு பயணம்

மலையில் பிறந்தவள் உல்கான். அதனாலேயே மலை என்றால் அவளுக்கு ஆகாது. அவளுடைய அப்பா ஆட்டுமந்தை மேய்த்தவர். கோடை வந்தால் குடும்பமே மேய்ச்சல் நிலத்தில்தான் கிடக்கும். விடியுமுன் பால் கறப்பது, சாணம் பொறுக்கிக் காயவைப்பது, விரல் மரத்துப்போகும் ஓடைத் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது என்று மலையை அவள் வேலையாகத்தான் அறிந்திருந்தாள். பிஷ்கேக் நகரத்துக்கு வந்து டிராலிபஸ் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, இனி சமதரையில்தான் வாழ்வது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவளுக்கு வாய்த்தவரோ தோலோகன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற மனிதர். நகரத்திலேயே பிறந்து, மாணவராக இருந்த நாளில் நடைப்பயணக் குழுவில் சேர்ந்து, மலை ஏறுவதைப் பைத்தியமாகப் பிடித்துக்கொண்டவர். கல்யாணமான முதல் கோடையில் பதினைந்து கிலோ முதுகுப்பையை அவள் தோளில் மாட்டி அழைத்துப் போனார். வழியில் அப்பாவின் மேய்ச்சல் நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. மகள் சுமையோடு மேடேறி வருவதைக் குதிரைமேல் இருந்தபடியே பார்த்த அப்பா கேட்டார்:

"ஏம்மா, உங்க ஊர்ல கழுதையெல்லாம் செத்துப் போச்சா?"

மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. உல்கான் சிரித்தாள். ஆனால் அந்தப் பத்து நாளில் அவளுக்குள் ஏதோ இளகியது. பால் கறக்காமல், யாருக்கும் சமைத்துக் கொட்டாமல், ஒரு மலைமுகட்டில் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

பிறகு வருஷம் தவறாமல் போனார்கள். மூத்த மகள் பெர்மெட் பிறந்து மூன்றாவது கோடையில் அவளையும் தோலோகனின் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். இளையவள் அய்தை பிறந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். அய்தைக்கு ஐந்து வயதில் கிடைத்த சுமை உப்பும் கரண்டிகளும். அதைப் பெரிய பதவியாக நினைத்து, யார் உப்புக் கேட்டாலும் காரணம் விசாரித்த பிறகே எடுத்துக் கொடுப்பாள். தோலோகன் முன்னால் நடப்பார், பிள்ளைகள் நடுவில், உல்கான் கடைசியில். பயணிகள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று கண்ணாடியில் பார்த்துப் பழகியவளுக்கு அந்த இடம் பொருந்திப்போயிற்று.

அப்படிப் பின்னாலிருந்து பார்த்ததால்தான் அந்த மாற்றம் அவள் கண்ணில் முதலில் பட்டது. கீழே பாராமலே கல்லுக்குக் கல் தாவுகிற தோலோகன், வெயில் சாய்ந்தால் காலைத் தடவித் தடவி வைத்தார். கூடாரத்தின் கயிறு மூன்று முறை தடுக்கியது. கேட்டால் பூட்ஸ் தேய்ந்துவிட்டது என்றார். புது பூட்ஸ் வாங்கியும் அதேதான். மறு குளிர்காலத்தில் மருத்துவர் சொல்லிவிட்டார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, பிறகு அதுவும் அடைபட்டுவிடும். மருந்து கிடையாது. சில வருஷங்கள் இருக்கின்றன.

தோலோகன் வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார். அலுவலகத்தில் அவரே பலமுறை வரைந்த பகுதி. கஷ்காபெல் கணவாயும், அதைத் தாண்டினால் ஜஷில்கோல் ஏரியும். எத்தனையோ முறை நீல மை தொட்டு வரைந்த அந்த ஏரியை அவர் பார்த்ததே இல்லை. வருகிற ஆகஸ்டில் அங்கே போகவேண்டும் என்றார். கண் இருக்கும்போதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

போனார்கள். பெர்மெட்டுக்குப் பதினாறு, அய்தைக்குப் பதினொன்று. மூன்றாம் நாள் நண்பகலில் கணவாய்க்குக் கீழே பொடிக்கல் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்குகிற சரிவு. மேகம் கவிந்து வெளிச்சம் சாம்பலாயிற்று. கல்லுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சம். இல்லாத கல்லின்மேல் காலை வைத்துத் தோலோகன் விழுந்தார். நான்கு ஆள் நீளம் சறுக்கிப் போய் நின்றார். உள்ளங்கை கிழிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் எழுந்து திரும்பியபோது, எந்தப் பக்கம் தன் குடும்பம் நிற்கிறது என்று தெரியாமல் ஆளில்லாத திசையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை உல்கான் பார்த்துவிட்டாள்.

மேலே முந்திப் போயிருந்த பெர்மெட் உச்சி தெரிகிறது என்று குரல் கொடுத்தாள். உல்கான் துணியை நனைத்துக் கணவரின் கையில் சுற்றிக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"பெர்மெட்டோட அப்பா, இதோட போதும். இறங்கலாம்."

"இன்னும் நாப்பது நிமிஷம்தான், அம்மா," என்றாள் இறங்கி வந்த பெர்மெட். "அப்பாவை நான் புடிச்சுக்கறேன்."

"புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து உருளுவீங்களா?"

"நாளைக்குக் காலையில வெளிச்சம் நல்லா இருக்கும்ல?"

"நாளைக்கும் இல்ல. பையை மாட்டு."

தோலோகன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதாடவில்லை. பெர்மெட் அழுதுகொண்டே இறங்கினாள்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பள்ளத்தாக்கில் எந்த வளைவில் திரும்பிப் பார்த்தாலும் கணவாய் பளிச்சென்று பின்னால் நின்றது. மதியம் கணவாய்ப் பக்கமிருந்து இரண்டு இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். வழி ரொம்ப எளிது, பாட்டிமார்கூட ஏறிவிடுவார்கள், ஏரியில் குளித்தோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, பெர்மெட் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை உல்கானின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து அங்கேயே தங்கிவிட்டது.

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தோலோகன் ஒரே ஒரு தடவை, குளிர்காலத்தில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீ ஓட்டுநர். நிறுத்தணும்னு தோணினா நிறுத்திடுவே," என்றார். அது குறையா, ஒப்புதலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

நான்கு வருஷத்தில் கண் முழுக்கப் போயிற்று. வேலையை விட்டார். முதுகுப்பைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். உல்கான் கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் பரண்மேல் போட்டாள். பெர்மெட் படித்து முடித்து ரஷ்யாவில், கஸான் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் அப்பாவோடு அரைமணி நேரம் பேசுவாள். அம்மாவிடம், சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி இருக்கிறது, அத்தோடு சரி. தோலோகன் நாள் முழுக்கச் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தெருமுனை ரொட்டிக் கடைக்குக்கூட வரமாட்டார். மனிதர் இருந்தும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு வசந்தகாலத்தில் உல்கான் விடுப்பு எடுத்துக்கொண்டு பரணிலிருந்து ஒரு பையை இறக்கினாள்.

"நான் மலைக்குப் போறேன். மூணு நாள். அய்தை உங்களுக்குச் சமைச்சுப் போடுவா," என்றாள்.

"யாரோட?"

"யாரோடவும் இல்ல."

"உனக்குத்தான் மலையே புடிக்காதே, கிழவி."

"வீடு மட்டும் என்ன வாழுதாம்?"

தனியாகத்தான் போனாள். முதல் நாள் அழுதுகொண்டு நடந்தாள். இரண்டாம் நாள் அழுகை நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வீடு திரும்பி வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது, தோலோகன் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்து அவள் மேல்சட்டையை முகர்ந்தார். ஆர்ச்சா மரப் புகை. எந்தப் பள்ளத்தாக்கு, ஓடையில் தண்ணீர் எவ்வளவு, பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று கேட்டார். அவள் நின்ற நிலையிலேயே ஒரு மணி நேரம் சொன்னாள். கடைசியில், "அடுத்த தடவை எப்போ?" என்றார்.

அடுத்த தடவை அவரையும் கூட்டிப்போவது என்று தீர்மானித்து, உல்கான் தன் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடிப் படியில் ஏறி இறங்கினாள். அய்தை கையைப் பிடித்து இழுக்க, இழுபடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது என்று கண்டுகொண்டாள். சந்தையில் ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்றை வாங்கித் தன் பையில் தொங்கவிட்டாள். மணிச் சத்தத்தைத் தொடர்ந்து, இரண்டு கையிலும் கோலோடு தோலோகன் நடந்தார். முதலில் பூங்காவில், பிறகு நகரத்துக்குத் தெற்கே குன்றுகளில். வரிசை தலைகீழாயிற்று. இப்போது உல்கான் முன்னால். "வலப்பக்கம் கல்லு, முழங்கால் உயரம்", "மூணு அடி தள்ளி ஈரம்" என்று பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டு போவாள். முதல் மாதம் அவர் தினமும் விழுந்தார். தினமும் எழுந்தார்.

மறுவருஷம் ஆகஸ்டில் பெர்மெட் விடுமுறையில் வந்தாள். கஷ்காபெல்லுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவர் தோலோகன்தான்.  இரண்டாவது முறை மறுக்க உல்கானிடம் தெம்பில்லை.

அந்தப் பொடிக்கல் சரிவில் தோலோகன் கோல்களை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு காலில் ஏறினார். ஒவ்வொரு கல்லையும் கையால் தட்டிப் பார்த்து, ஆடாத கல்லை மட்டும் நம்பி ஏறினார். அன்றும் மேகம் கவிந்தது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. நாற்பது நிமிஷம் என்று பெர்மெட் சொன்ன தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உச்சியில் காற்று முகத்தில் அறைந்ததும் தோலோகன் நின்றார்.

ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்பார் என உல்கான் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் வேறொன்று கேட்டார்.

"பெர்மெட் பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன்ப்பா."

"அப்போ ரெண்டு பேரும் கேளுங்க. அன்னிக்கு நான் விழுந்தப்போ எனக்கு ஒண்ணுமே தெரியல. வெள்ளையா ஒரு திரை, அவ்வளவுதான். மேலே ஏறினா உங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடுவேன்னு பயந்து செத்தேன். திரும்பலாம்னு வாயைத் தொறந்து சொல்ல முடியல. உங்கம்மா சொன்னா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

பெர்மெட் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏழு வருஷம்," என்றாள் உல்கான். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஏழு வருஷம் நீங்க இதை வாயில அடக்கி வெச்சிருந்தீங்க. இவ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசாததை நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"உன்னால நின்னு போச்சுன்னா நான் மலை ஏறுறவனாவே இருந்துக்கலாம். என்னாலன்னா அன்னிக்கே குருடன். வேற காரணம் இல்ல, உல்கான்."

அவள் முன்னால் நடந்தாள். கல் எங்கே, பள்ளம் எங்கே என்று எதையும் அறிவிக்கவில்லை. அய்தைதான் அப்பாவின் முன்னால் ஓடி வழி சொன்னாள். ஏரிக்கரைக்கு இறங்கியதும் பெர்மெட் அம்மாவின் பக்கத்தில் வந்து, பையின் வார்களைத் தளர்த்தி, தோளிலிருந்து அதை இறக்கி வைத்தாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அவளுக்கும் வரவில்லை. அம்மாவின் தோளில் வார் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டாள், சின்ன வயதில் செய்வதுபோல. உல்கான் விலகவில்லை.

சாயங்காலம் தேநீரும் வறுத்த மாவும் சாப்பிடும்போது தோலோகன் மெதுவாகக் கேட்டார்:

"ஏரி எப்படி இருக்கு?"

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு எனக்கு மனசு வரல."

"சரி," என்றார் அவர். வற்புறுத்தவில்லை.

காலையில் பிள்ளைகள் எழுமுன் உல்கான் அவரைக் கைபிடித்து வெளியே கூட்டிவந்து ஒரு பாறையில் உட்கார வைத்தாள். கோபம் முழுதும் தீரவில்லை. தீர்ந்ததும் தீராததுமாக, பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்து இடப்பக்கக் கரையை நோக்கி நீட்டி, "இங்கிருந்து ஆரம்பிக்கறேன்," என்றாள். "நீங்க வரைஞ்ச மாதிரி இல்ல. இந்தக் கரை இன்னும் உள்ளே வளைஞ்சிருக்கு."