டோறா திறக்காத பக்கம்

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் விட்டுப்போன மூன்று கணினிகளை வைத்து, டோறா வாவிக்கரைத் தெருவில் இன்டர்நெட் கடை நடத்தினாள். யுத்தம் முடியும் தறுவாயில் சில செய்தித் தளங்களுக்குத் தடை வந்தது. யார் எதைப் பார்த்தாலும் தன் தலையில்தான் விடியும் என்று பயந்து, ஆள் எழுந்து போனதுமே அவர் பார்த்த பக்கங்களின் பட்டியலை அழித்துவிடுவாள். அழித்தால் தப்பலாம் என்று நினைத்தாளே, அதுதான் பிழை.

ஒருநாள் சிவில் உடையில் புலனாய்வுக்காரர் இருவர் வந்து கணினிகளைக் கிண்டினார்கள்.

"நாள் முழுக்க ஆக்கள் வாற கடை. ஏன் எல்லாம் வெறுமையா இரிக்கி? எதை மறைக்கிறாய்?"

அன்றிலிருந்து, அழித்த கையோடு தானே உட்கார்ந்து கிரிக்கெட், சினிமா, ராசிபலன் என்று திறந்து திறந்து பட்டியலை நிரப்பினாள்.

வைகாசியில், வெல்லாவெளியிலிருந்து நல்லரத்தினம் என்ற வயதான விவசாயி வந்தார். அவருடைய மகள் யுத்தம் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். அவள் பெயர் எழுதிய துண்டை நீட்டினார்.

"செத்த ஆக்கள்ர பேர் ஒரு தளத்தில போட்டிரிக்காம். எனக்குக் கண் தெரியாது. ஒருக்காப் பாத்துச் சொல்லு மகள்."

தடையைத் தாண்டும் வழி டோறாவுக்குத் தெரியும். ஆனால் தெருவுக்கு அந்தப்பக்கம் அதே இருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்கள். திரையில் ராசிபலன் திறந்திருந்தது. அதையே மெல்ல மேலும் கீழும் நகர்த்தினாள்.

"பாத்திட்டன் ஐயா. உங்கட மகள்ர பேர் இல்ல."

கிழவர் அழுதுகொண்டே அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

செத்தவர்களின் அந்தப் பெயர்ப் பட்டியலை டோறா இன்றுவரை திறந்து பார்க்கவில்லை.