அவசரக்காரனுக்குத் திறக்காத கேட்

தொழிற்சாலை கேட்டில் காவல் நிற்பவளுக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர். மேனேஜரைத் தெரியும் என்று எவர் அலட்டினாலும், அடையாள அட்டையைப் பார்க்காமல் கேட்டைத் திறக்க மாட்டாள். அன்று லாரி ஓட்டும் புருஷன் போனில் பறந்தான்.

"நெட்டுல லைசென்ஸ் விலாசம் மாத்திக்கிட்டு இருக்கேன். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லு. நேரம் முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து பண்ணணுமாம்."

அவள் நம்பரில் இருந்த பேங்க் கணக்குக்கு எண் வந்திருந்தது. அவள் சொல்லவில்லை.

"விலாசம் மாத்துற காசை நேர்ல வந்து கட்டுங்கன்னு லைசென்ஸ் ஆபீஸ்ல சொன்னாங்களே. அப்புறம் எதுக்கு பேங்க் ஓடிபி?"

"சேவைக் கட்டணமாம். அரசு முத்திரையெல்லாம் போட்டிருக்கு. சொல்லுடி, நேரம் ஓடுது."

"முத்திரையை எவன் வேணா ஒட்டலாம். மேல இருக்கிற வெப்சைட் பேரையும் லைசென்ஸ் பின்னால அச்சடிச்ச அரசு வெப்சைட் பேரையும் சேத்து வச்சுப் படி."

மறுமுனையில் அவன் ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பது கேட்டது.

"பேரு கடைசில வேற மாதிரி இருக்கு," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"அதை மூடிட்டு வெளிய வா. அவசரப்படுத்துறவனை நான் கேட் பக்கமே விடுறதில்ல."

மாலையில் வீட்டுக் கதவைத் தட்டியவன், அவள் திறந்ததும் கேட்டில் அடையாள அட்டை காட்டுவதுபோல் லைசென்ஸை எடுத்து நீட்டினான்.