குமிழ் மரத்தில் ஒரு கால்

"நின்று செய்யும் வேலைக்குத் தகுதியற்றவர், உட்கார்ந்து செய்யும் இலகுவான பணி பரிந்துரைக்கப்படுகிறது" என்றது மருத்துவச் சான்றிதழ். சன்னல் கம்பியைப் பிடித்தபடி, நின்றுகொண்டேதான் அதைப் படித்தார் தச்சர். விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆனாலும் உட்காருவது என்பது அவரைப் பொறுத்தவரை சாப்பிடவும் சவரம் செய்துகொள்ளவும் மட்டும்தான்.

பட்டறை மனைவியின் அண்ணனுடையது.

"பில் போடுற இடத்துக்கு வந்துடுங்க மாப்ளே. மாடிக்குப் பலகை தூக்க முடியாதவருக்கு எதுக்குத் தச்சு மேசை? புது ஆளுக்குக் குடுத்துடறேன்."

"மாசக் கடைசி வரைக்கும் அதுமேல உங்க டீ டம்ளரைக்கூட வைக்காதீங்க மச்சான்."

மருத்துவமனை கொடுத்த கால் இரும்புப் பட்டையோடு கனத்தது. தானே ஒன்று செதுக்கத் தொடங்கினார். மட்டமான மரத்தைத் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே ஈட்டி மரம். மெருகேற்றியதும் ரேகை ரேகையாய் மினுங்கியது. மருத்துவமனைக் காலைவிட அழகு. கனத்திலும் அதை மிஞ்சியது.

"மிச்ச மூணு காலும் எங்கே? கட்டில்தானே செய்யறீங்க?" என்றாள் மனைவி.

காலையில் அதைக் கட்டிக்கொண்டு நடந்தார். மதியத்துக்குள் தோல் வார் தொடையை அறுத்துவிட்டது.

"குமிழ்ல செய்யுங்களேன்."

"அது பெட்டி அடிக்கிற மரம்டி. நகம் பட்டாலே தழும்பு விழும்."

"உங்க மரக்காலை யாரு நகத்தால பிறாண்டப் போறா?"

கோபித்துக்கொண்டே காய்ந்த குமிழ்க் கட்டை ஒன்றை எடுத்தார். இத்தனை காலம் அந்த மரத்தைப் பற்றி அவர் சொல்லிவந்த குறைகள் எல்லாமே உண்மை. ஒன்றுகூட இப்போது குறையில்லை. மென்மையான மரம், ஆகவே உளிக்கு இணங்கியது. உள்ளே ஆழமாகக் குடைய முடிந்ததில், ஏற்கெனவே லேசான மரம் இன்னும் லேசானது. வியர்வை ஈரத்துக்கும் முறுக்கிக்கொள்ளவில்லை. தரையில் தேயும் நுனிக்கு மட்டும் கெட்டி மரம் வேண்டியிருந்தது. ஈட்டிக் காலின் அடியை ரம்பத்தால் அறுத்து ஒட்டினார். அறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கும் நாகரிகம் மனைவிக்கு இருந்தது.

மாசக் கடைசியில் குமிழ்க் காலோடு பட்டறைக்குப் போனார். புது ஆள் தச்சரின் மேசையில் உளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாடிக்குப் போகவேண்டிய கதவுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. தச்சர் ஒன்றைத் தோளில் ஏற்றினார்.

"விழுந்து வெச்சீங்கன்னா தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்!"

"விழுந்தா நானே சொல்லிக்கிறேன். படியை மறைக்காம நில்லுங்க மச்சான்."

சாயங்காலத்துக்குள் கதவுகள் எல்லாவற்றையும் மாடியில் பாலிஷ் போடும் அறைக்குக் கொண்டு சேர்த்தார். பிறகு இறங்கி வந்து, புது ஆளின் உளிகளைப் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டு, தன் இழைப்புளியைத் தீட்டினார்.